அது வளைவுத் தலைசுற்றல் இல்லை

குன்னூர்
நவம்பர் 9

கண்ணு,

பார்சலில் தேயிலைத்தூள் ஒரு கிலோ, வர்க்கி இரண்டு பாக்கெட், நீ ஆணியில் மாட்டிவிட்டு மறந்துபோன ஜெர்கின். வர்க்கியை வந்த அன்றைக்கே டப்பாவில் போட்டு மூடிவிடு, நமுத்துவிடும். இங்கே மழை விடவில்லை. ஹில்குரோவ் பக்கம் பாறை உருண்டு ரயிலை மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். அப்பா நன்றாக இருக்கிறார். தலைசுற்றல் நின்றதா?

போனில் மூன்று தடவை கேட்டுவிட்டேன். "ம், ஓகேம்மா." வாட்ஸ்ஆப்பில் கேட்டால் கட்டைவிரல் வருகிறது. காகிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாதே என்றுதான் எழுதுகிறேன்.

கேத்தியில் உன் மாமா காரட்டுக்கு மருந்தடிக்கிறார். ஆர்கனோபாஸ்பேட் மருந்து. கையில் உறை கிடையாது, மூக்கில் ஒரு துண்டு, அவ்வளவுதான். நம் ஊரில் பூச்சிக்கு அடிப்பதும் மருந்து, ஆளுக்குக் கொடுப்பதும் மருந்து. பேர் ஒன்றாக இருப்பதால் அவருக்குப் பயமே இல்லை. அவருக்காக இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். உனக்கும் அதையே எழுதுகிறேன். எதற்கு என்று கேட்காமல் படி. பிளஸ் டூவில் உயிரியல் எடு என்றதற்கு, கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்று மூன்று நாள் சாப்பிடாமல் இருந்து வாங்கினாய். நன்றாகத்தான் வந்தாய், அதைச் சொல்லவில்லை. ஆனால் இந்த ஒரு பாடம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நரம்பு ஒரே நீளக் கம்பி கிடையாது. ஒரு நரம்பணு முடிகிற இடத்துக்கும் அடுத்தது தொடங்குகிற இடத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி, சினாப்ஸ். அகலம் சுமார் 20 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனில் அப்படி நாலாயிரம் இடைவெளிகளை அடுக்கலாம். மின்துடிப்பு விளிம்பு வரைக்கும்தான் வரும். அங்கே கால்சியம் உள்ளே பாயும். வேதிப்பொருள் நிரம்பிய நுண்பைகள் சவ்வோடு ஒட்டி வாய் திறக்கும். ஒரு பைக்குள் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள். எதிர்ப்பக்கம் உள்ள ஏற்பிகளில் அவை போய் உட்கார்ந்தால் சேதி சேர்ந்துவிட்டது. எல்லாம் ஒரு மில்லிநொடிக் கணக்கில். சேதியைக் கொண்டுபோவது வேதிப்பொருள்தான் என்று 1921ல் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை வைத்துக் காட்டினார். ஓர் இதயத்தின் நரம்பைத் தூண்டி, அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொன்றின் மேல் விட்டார். நரம்பைத் தொடாமலே அதுவும் மெதுவாகத் துடித்தது. அந்தப் பொருள்தான் அசிட்டைல்கோலின்.

சேதி போவது பாதி வேலைதான். போன சேதியை உடனே துடைக்கவும் வேண்டும். அசிட்டைல்கோலினைத் துடைக்க ஒரு நொதி இருக்கிறது, அதன் ஒரே ஒரு மூலக்கூறு நொடிக்கு ஆயிரக்கணக்கில் உடைத்துப் போடும். மாமா அடிக்கிற மருந்து தோல் வழியாகவே உள்ளே போய் அந்த நொதியின் கையைக் கட்டிவிடும். துடைக்க ஆளில்லாமல் அசிட்டைல்கோலின் அங்கேயே தேங்கும். கண்ணில் நீர், வாயில் எச்சில், வயிற்றுப்போக்கு, கண்பாப்பா குண்டூசிமுனை மாதிரி சுருங்கும், தசை தானாகத் துடிக்கும், நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டும். ஆஸ்பத்திரியில் அட்ரோபின் போட்டு ஏற்பியை அடைப்பார்கள். அளவை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் இரட்டிப்பாக்கிக்கொண்டே போவார்கள், நெஞ்சுச் சளி வற்றும் வரைக்கும். பிராலிடாக்சிம் என்று இன்னொன்று, நொதியைப் பிடித்திருக்கும் விஷத்தைப் பிடுங்குவதற்கு. பின்கட்டு வேலியில் மணிமணியாகத் தொங்குகிறதே ஊமத்தை ஜாதிப் பூ, அதில் இருப்பதும் அட்ரோபின் வகையறாதான். அதனால்தான் சின்ன வயதில் உன்னை அதைத் தொடவிடவில்லை. மாமாவிடம் சொன்னது இவ்வளவுதான்: சட்டையைக் கழற்று, சோப்புப் போட்டுக் குளி, மயக்கம் வந்தால் மருந்து டப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு வா.

எல்லா வேதிப்பொருளையும் நொதி வந்து துடைப்பதில்லை. செரடோனினை அனுப்பிய நரம்பணுவே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், அதற்கென்று சவ்வில் ஒரு கடத்தி இருக்கிறது. அந்தக் கடத்தியை அடைக்கிற மாத்திரைகள் உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுப்பவை. எஸ்சிடலோபிராம் என்று ஒன்று.

நீ கேள்விப்பட்டிருப்பாய்.

முப்பது வருஷம் மருந்துக் கவுன்டரில் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தவள் நான். துவைக்க எடுத்த ஜெர்கினில் பில்லும் அட்டையும் இருந்தால் எண்ணாமல் இருக்க முடியாது. அக்டோபர் 1 தேதியிட்ட பில், 30 மாத்திரை. ஒரு அட்டை முழுசாகப் பத்து, இன்னொன்றில் ஆறு. மீதி பதினாறு, போட்டது பதினான்கு. ராத்திரிக்கு ஒன்று என்றால் 14ஆம் தேதியோடு நின்றிருக்கிறது. நீ இங்கே வந்தது 18. இந்த மருந்தின் அரை ஆயுள், அதாவது உடம்பில் இருப்பது பாதியாகக் குறைகிற நேரம், சுமார் 30 மணி. நான்கு நாளில் உடம்பில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். மறுநாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்திருந்தாய். கீழே ரயில் கூவியது, திரும்பிப் பார்த்தாய். பார்த்தவுடனே நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாய், ஒரு நொடிதான். "வளைவு இன்னும் தலைக்குள்ளயே சுத்துதும்மா" என்று சிரித்தாய். மலைப்பாதை வளைவுத் தலைசுற்றல் ராத்திரி தூங்கி எழுந்தால் போய்விடும். கண்ணைப் பக்கவாட்டில் திருப்பும்போது மண்டைக்குள் ஷாக் அடித்த மாதிரி 'விர்'ரென்று ஒன்று வருகிறதே, அது மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வருவது.

இன்னொன்றும் தெரிந்தது. இரண்டு வாரம் மட்டும் போட்டு நிறுத்தியவனுக்கு அப்படி வருவது அபூர்வம். ஒன்றரை மாதமாவது போட்டிருந்தால்தான் மூளை அதற்கேற்ப மாறியிருக்கும். அப்படியென்றால் ஆகஸ்டில் "வேலை அதிகம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவைத்து விட்டாயே, அதெல்லாம் இந்தக் கணக்கில் வந்து விழுகிறது. சாப்பிடுகிறாயா? தூக்கம் வருகிறதா?

எங்களிடம் சொல்லவில்லை என்று கோபம் இருந்தது, ஒரு வாரம். சொல்லாமலாவது ஒரு டாக்டரிடம் போனாயே என்று இப்போது பெருமையாகத்தான் இருக்கிறது. இந்த வீட்டில் அதைத் தானாகச் செய்த முதல் ஆள் நீதான்.

ஆனால் சட்டென்று நிறுத்தியது தப்பு, கண்ணு. பாடத்தை முடித்துவிடுகிறேன், ஏன் தப்பு என்று புரியும்.

முதல் மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே கடத்தி அடைபட்டுவிடும். மனசு தெளிய மட்டும் இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். நடுவில் என்ன நடக்கிறது? செரடோனின் அனுப்புகிற நரம்பணுவின் மேலேயே காவல் ஏற்பிகள் இருக்கின்றன. வெளியே அளவு கூடினால் "போதும், அனுப்பாதே" என்று அவை அடக்கும். அதனால் முதல் வாரத்தில் கூடியது கூடாதது மாதிரிதான். நாளாக ஆக அந்தக் காவல் மந்தமாகும், அப்புறம்தான் வரத்து உயரும், எதிர்ப்பக்க ஏற்பிகளும் அதற்கேற்பத் தங்களைத் திருத்திக்கொள்ளும். முதல் வாரத்தில் குமட்டியிருக்குமே? உடம்பிலுள்ள செரடோனினில் பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் இருக்கிறது, அதற்காக. ஆக, ஒன்றரை மாதத்தில் உன் மூளை புது அளவுக்கு ஏற்றபடி வீட்டையே மாற்றி அடுக்கி வைத்திருக்கிறது. ஒரே நாளில் மாத்திரையை எடுத்துவிட்டால் கடத்தி திறந்துகொள்ளும், செரடோனின் சரியும்; ஆனால் திருத்திக்கொண்ட ஏற்பிகள் பழைய நிலைக்கு வர நாளாகும். அந்த இடைப்பட்ட நாட்கள்தான் தலைசுற்றல், ஷாக், குமட்டல், கெட்ட கனவு, காரணமில்லாத எரிச்சல்.

பாதியாக உடைத்து ஒரு வாரம் போட்டு நிறுத்தினால் போதாதா என்பாய். போதாது. 10 மில்லிகிராமில் கடத்தியில் சுமார் 80 சதவீதம் அடைபடும். 5 ஆக்கினால் அது 40 ஆகாது, 70க்குப் பக்கத்தில்தான் நிற்கும். மிச்சம் முழுவதும் 5க்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் விழுகிற சரிவு. நம் ரயில் பாதையை நினைத்துப்பார். ஊட்டியிலிருந்து குன்னூர் வரும்வரை ஏறக்குறைய 500 மீட்டர்தான் இறக்கம், சாதாரணத் தண்டவாளத்திலேயே வந்துவிடுகிறது. குன்னூரிலிருந்து கல்லாறு வரை 1,300 மீட்டர். அங்கேதான் பல்தண்டவாளம் போட்டு, பல் பல்லாகக் கடித்து இறக்குகிறார்கள். மாத்திரையும் அப்படித்தான். 10லிருந்து 5, சில வாரம், அப்புறம் இரண்டரை, அதற்கும் கீழே இன்னும் சின்னப் படிகள். சொட்டு மருந்தாகக் கிடைத்தால் அளப்பது சுலபம். ஒவ்வொரு படியிலும் உடம்பு நிதானப்பட்ட பிறகுதான் அடுத்தது. அதை டாக்டர்தான் போட்டுத் தர வேண்டும், நானோ யூடியூபோ இல்லை.

உன் அட்டையில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. அது இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரை, எஸ்சிடலோபிராம் 10, குளோனசெபாம் அரை மில்லிகிராம். முதல் மருந்து வேலை செய்யும் வரை பதற்றத்தை அடக்க இரண்டாவதைச் சில வாரம் கொடுப்பது வழக்கம். ஒரே மாத்திரைக்குள் அடைத்துவிட்டால் ஒன்றை நிறுத்தி மற்றதைத் தொடர வழியில்லை, உடைத்தால் இரண்டும் சேர்ந்தே பாதியாகும். குளோனசெபாம் வேறு வாசலில் வேலை செய்வது. காபா என்கிற வேதிப்பொருள் ஏற்பியில் உட்கார்ந்தால் குளோரைடு வாசல் திறந்து நரம்பணு அடங்கும். குளோனசெபாம் அந்த வாசலை அடிக்கடி திறக்க வைக்கும். பழகிய பிறகு திடீரென்று எடுத்தால் அடங்கியதெல்லாம் ஒரே நேரத்தில் எழும். நடுக்கம், தூக்கமின்மை, அளவு கூடுதலாக ரொம்ப நாள் போட்டவர்களுக்கு வலிப்பே வரும். உன் அளவு சின்னது, பயப்படாதே. ஆனால் அடுத்த தடவை டாக்டரிடம், இரண்டையும் தனித்தனி மாத்திரையாக எழுதித் தரச் சொல்லிக் கேள்.

மதுவும் அதே காபா வாசலைத்தான் தட்டும். வெள்ளிக்கிழமைகளில் என்ன செய்கிறாய் என்று நான் கேட்கவில்லை. குளோனசெபாமும் மதுவும் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சு மந்தப்படும் என்று மட்டும் சொல்கிறேன். சளிக்கு நீயாகக் கடையில் இருமல் மருந்து வாங்காதே, டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் இருக்கிறதா என்று அட்டையைப் படி. வலிக்கு டிராமடால் வேண்டாம். இரண்டும் செரடோனினைக் கூட்டுபவை. எஸ்சிடலோபிராமோடு சேர்ந்து அளவு மீறினால் வியர்த்துக் கொட்டும், நடுங்கும், பேதியாகும், கால் தானாக உதறும், காய்ச்சல் ஏறும், உடனே ஆஸ்பத்திரி. தலைவலி என்றால் பாராசிட்டமால் போதும். இபுப்ரொஃபென் வேண்டாம், ரத்தத்தை உறைய வைக்கிற ரத்தத்தட்டுகளும் செரடோனினை அதே கடத்தி வழியாகத்தான் எடுத்துக்கொள்கின்றன, இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம்.

"செரடோனின் குறைச்சல் என்பதே பொய்யாம்மா" என்று ஏதோ வீடியோவில் யாரோ சொன்னதாகத் தீபாவளியன்று சொன்னாயே, எதற்குச் சொன்னாய் என்று இப்போது புரிகிறது. பாதி சரி. 2022ல் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தவர்கள், மனச்சோர்வுக்குக் காரணம் செரடோனின் குறைவுதான் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று எழுதினார்கள். காய்ச்சல்கூட பாராசிட்டமால் குறைச்சலால் வருவதில்லை. எதனால் வந்தது என்பது வேறு கேள்வி, எது கேட்கிறது என்பது வேறு கேள்வி. அந்த வீடியோவை வைத்து நிறுத்தியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் 14ஆம் தேதி ராத்திரிதான் நான் போன் செய்து, தீபாவளிக்கு மறுநாள் பெண் வீட்டார் வருகிறார்கள் என்றேன். 15ஆம் தேதியிலிருந்து மாத்திரை இல்லை. ஜெர்கின் பாக்கெட்டை யாராவது பார்த்துவிடுவார்கள் என்றா?

அவர்களிடம் ஜாதகத்தில் ஏதோ தடை, தை கழியட்டும் என்று சொல்லிவிட்டேன். அதை விடு.

சாமி, இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் பூச்சிமருந்து, தவளை என்று சுற்றிக்கொண்டிருக்கிறேன். 2004 மார்கழியில் அப்பா ஃபாக்டரிப் படியில் விழுந்தாரே. உனக்கு ஒன்பது வயசு. குடித்துவிட்டு விழுந்தார் என்று எஸ்டேட் லைன் வீடுகள் முழுக்கப் பேசினார்கள். பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்ல நீ வந்து என்னிடம் கேட்டாய், நான் பதில் சொல்லவில்லை. இரண்டு மாதம் நீ அவரோடு பேசாமல் இருந்தாய்.

அவர் குடிக்கவில்லை. எட்டு மாதமாக பராக்ஸெட்டின் 20, உன்னுடையது மாதிரியே கடத்தியை அடைக்கிற மாத்திரை, போட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொன்னது டாக்டர் இல்லை, நான். ரிஜிஸ்டரில் அவர் பேரை மாதாமாதம் என் கையாலேயே எழுத வேண்டியிருந்தது, பக்கத்தில் நிற்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். "இப்ப நல்லாத்தானே இருக்கீங்க, போதும், பழக்கமாயிடும்" என்றேன். அந்த வகை மாத்திரைகளில் நிறுத்தினால் ரொம்பப் படுத்துவது அதுதான். அரை ஆயுள் 21 மணி நேரம். அதை உடைக்கிற ஈரல் நொதியை அதுவே அடைத்துவைத்திருக்கும், அளவு இறங்க இறங்க நொதி விடுபட்டு மிச்சத்தை இன்னும் வேகமாகக் காலி செய்யும். மூன்றாம் நாள் நைட் ஷிப்ட். படியில் நின்று யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பினார், விழுந்தார். நீ நிலைக்கதவைப் பிடித்த மாதிரி பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. எனக்கு அன்றைக்கே தெரியும், பாடத்திலும் தெரியும். மாத்திரை என்று சொல்வதைவிடக் குடி என்று ஊர் நினைத்துக்கொள்வது கௌரவமாகப் பட்டது எனக்கு. அவரும் மறுக்கவில்லை. எனக்காக.

இதை அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. அவருடைய டப்பாவில் காலையில் ஐந்து மாத்திரை எடுக்கிறாரே, எல்லாம் சர்க்கரைக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். வெள்ளையாகச் சின்னதாக இருப்பது சர்க்கரைக்கு இல்லை. இருபது வருஷமாக.

இப்போது செய்ய வேண்டியது. கடைசி மாத்திரைக்கு அப்புறம் 26 நாள் ஆகிவிட்டது. தலைசுற்றலும் ஷாக்கும் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். நிறுத்திய சில நாளிலேயே வந்து உடம்பைப் படுத்துவது மாத்திரை நிறுத்தியதால். வாரக்கணக்கில் கழித்து மெதுமெதுவாக, காலையில் எழ மனசில்லாமல், சாப்பாடு ருசிக்காமல், யார் போனையும் எடுக்கப் பிடிக்காமல் வருவது பழைய வியாதி திரும்புவது. இப்போது நீ கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவதைத்தான். கட்டைவிரல் மட்டும் வருவதை நான் எதில் சேர்க்க? இந்த வாரமே அந்த டாக்டரிடம் போ. என்றைக்கு நிறுத்தினாய், என்னென்ன வந்தது, மது உண்டா, எல்லாவற்றையும் சொல். இவ்வளவு நாள் இடைவெளிக்குப் பிறகு நீயாக மறுபடி ஆரம்பிக்காதே, விட்டதற்குச் சேர்த்து இரண்டாகவும் போடாதே. மறுபடி எழுதித் தந்தால், முதல் இரண்டு வாரம் பதற்றம் கூடுவது மாதிரி இருக்கலாம், அந்த நாட்களில் தனியாக இருக்காதே. நான் வருகிறேன், அல்லது அப்பா வருவார். ராத்திரியில் உயிரை விட்டுவிடலாமா என்கிற மாதிரி ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தாலும் விடியட்டும் என்று இருக்காதே. 14416, டெலி மானஸ், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம், காசு கிடையாது. அதற்கு முன்னால் எனக்கு அடி. மணி மூன்றானாலும் சரி.

சட்டென்று நிறுத்தாதே என்று எத்தனை தடவை எழுதிவிட்டேன் என்று எண்ணிக்கொண்டிருப்பாய். இன்னொரு தடவை எழுதுகிறேன், சட்டென்று நிறுத்தாதே.

அப்பா ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டு வாசலில்தான் உட்கார்ந்திருப்பார், மழையாக இருந்தாலும். போனை அவரிடமே கொடுத்து வைக்கிறேன்.

ஜெர்கினின் ஜிப் சிக்கிக்கொண்டிருந்தது, மெழுகு தேய்த்திருக்கிறேன். அட்டை இரண்டும் பில்லும் உள் பாக்கெட்டில் இருந்தபடியே இருக்கின்றன. டாக்டரிடம் அப்படியே எடுத்துக்கொண்டு போ.

அம்மா